இரண்டு சட்டை: இங்கிலாந்தில் ஐந்து நாள்

ஏப்ரல் 9, செவ்வாய் – வைட்ஹால்

வந்த வேலை நேற்றோடு முடிந்தது. எங்கள் சரக்கை வாங்கும் பையர் சாம்பிள் துணியை இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஊருக்கு விமானம் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஐந்து நாள் சும்மா. பி.ஏ. வரலாறு படித்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவன் நான். இங்கிலாந்து வரலாறு என்று ஒரு முழுப் பேப்பரை மனப்பாடம் செய்து எழுதிப் பாஸானவன், ஆனால் அதில் வந்த ஓர் இடத்தைக்கூடப் பார்த்ததில்லை. சரி, பார்த்துவிடலாம்.

தங்கியிருப்பது லண்டன் ஈஸ்ட் ஹாமில், கூட வேலை பார்த்த நண்பரின் அக்கா வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே. காலையில் இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, உந்தச் சட்டை இந்தக் குளிருக்குக் காணாது. உள்ளுக்கு இன்னொண்டு போடுங்கோ." துணித் தொழிலில் இருக்கிறவனுக்கே துணியைப் பற்றிச் சொல்வதா என்று எனக்கு ஒரு கெத்து. "பரவாயில்லைங்க அக்கா" என்று கிளம்பிவிட்டேன். சாரிங் கிராஸ் பக்கம் ரயிலை விட்டு வெளியே வந்து பத்தே நிமிடத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. காகிதக் கோப்பையில் ஒரு டீ மூணே கால் பவுண்டு. நம்ம காசில் முன்னூற்று நாற்பது ரூபாய். குடிப்பதைவிடக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதுதான் லாபம்.

சாரிங் கிராஸில் குதிரை மேல் முதலாம் சார்லஸ் உட்கார்ந்திருக்கிறார். லண்டனுக்கு இத்தனை மைல் என்று கல்லில் போடுவதெல்லாம் இந்த இடத்திலிருந்து அளப்பதுதான். பார்லிமென்டோடு நடந்த உள்நாட்டுப் போரில் இந்த அரசர் தோற்ற பிறகு இந்தச் சிலையை உடைக்கச் சொல்லி ஒரு பித்தளை வியாபாரியிடம் கொடுத்தார்களாம். அவர் சிலையை மண்ணுக்குள் ஒளித்துவிட்டு, அதை உருக்கிச் செய்தது என்று சொல்லிக் கத்திப் பிடிகள் விற்றுக் காசு பார்த்தார் என்பது கதை. மன்னராட்சி திரும்பியதும் சிலை முழுசாக வெளியே வந்தது. இரண்டு ஆட்சியிலும் லாபம் பார்த்த அந்த மனிதர் எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டியவர்.

சிலை வைட்ஹால் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் இடது கைப்பக்கம் பேங்க்வெட்டிங் ஹவுஸ். 1622இல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம். உள்ளே ரூபன்ஸ் வரைந்த கூரை ஓவியங்கள், சார்லஸ் தன் அப்பா சொர்க்கத்துக்குப் போவதுபோல வரையச் சொல்லிக் காசு கொடுத்து வாங்கியவை. 1649 ஜனவரி 30 அன்று அந்தக் கூரைக்குக் கீழே நடந்துதான், ஜன்னல் வழியாக, தன் தலையை வெட்ட வெளியே போட்டிருந்த மேடைக்கு வந்தார். நான் வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அன்றைக்கு நல்ல குளிர். காலையில் உடுத்தும்போது சார்லஸ் இரண்டு சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். குளிரில் உடம்பு நடுங்கினால் பார்க்கிறவர்கள் பயத்தில் நடுங்குகிறார் என்று நினைப்பார்கள், அந்தப் பேர் வேண்டாம் என்று. கல்லூரியில் எங்கள் பேராசிரியர் இதைச் சொன்னதாக ஞாபகமே இல்லை. வரி, பார்லிமென்ட், உரிமை மனு எல்லாம் சொன்னார், சட்டையைச் சொல்லவில்லை. அன்று உள்ளே போட்டிருந்தது என்று சொல்லப்படும் ஒரு பட்டு மேலாடை லண்டன் மியூசியத்தின் வசம் இருக்கிறது. கையால் பின்னியது, இளநீலமும் பச்சையும் கலந்த நிறம். பின்னலாடைக்காரனாக அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தது. பழைய கட்டடத்தை மூடி இடம் மாறிக்கொண்டிருந்தார்கள், கொடுத்துவைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. காலையிலேயே அரண்மனைக்குக் கொண்டு வந்தவரை மதியம் 2 மணி வரை காக்க வைத்தார்கள். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். தலை விழுந்த அடுத்த நொடி அவர் மகன் சட்டப்படி அரசனாகிவிடுவானே என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. புது அரசனை யாரும் அறிவிக்கக் கூடாது என்று அவசர அவசரமாகச் சட்டம் போட்டுவிட்டு வந்தார்கள். எதிரே ஹார்ஸ் கார்ட்ஸ் கட்டடத்துக் கடிகாரத்தில் 2 என்ற எண் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு குறி போட்டிருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒருவர் வந்து என் மேல் மோதினார், அவர் "சாரி" என்றார், நானும் "சாரி" என்றேன், அவர் திரும்பவும் "சாரி" என்றார். இந்த ஊரில் கடைசி சாரி யாருடையது என்று ஒரு போட்டியே நடக்கிறது.

தெருவின் கோடியில் பார்லிமென்டுக்கு வெளியே, அந்தப் போரில் பார்லிமென்ட் பக்கத் தளபதியாக இருந்த ஆலிவர் கிராம்வெல் சிலை, குனிந்த தலை, கையில் வாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் செயின்ட் மார்கரெட் தேவாலயச் சுவரில் சார்லஸின் சின்னத் தலை, நேராக அவரைப் பார்த்தபடி. வெட்டியவரும் வெட்டுப்பட்டவரும் நடுவில் பஸ் போக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிராம்வெல் சிலைக்கு அரசுப் பணம் கொடுக்கக் கூடாது என்று அயர்லாந்து உறுப்பினர்கள் எதிர்த்ததில், ரோஸ்பெரி பிரபு தன் காசில் வைத்தது, 1899இல். அயர்லாந்தில் கிராம்வெல் செய்த படுகொலைகளுக்கு அவர்கள் கத்தியதில் தப்பே இல்லை.

ராத்திரி அக்காவிடம் வாயைத் திறக்காமல் பெட்டியிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டுவைத்தேன். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், எங்கள் கம்பெனி சரக்குதான்.

ஏப்ரல் 10, புதன் – சர்ச்சிலின் நிலவறை

இரண்டு சட்டை போட்டேன். மழை வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது சர்ச்சில் அரசாங்கம் இயங்கிய நிலவறைக்குப் பெயர் சர்ச்சில் வார் ரூம்ஸ், அதன் வாசலில் வரிசை. குடை இல்லை. பின்னால் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பார்க்காமலே தன் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்தார். இருபது நிமிடம் அப்படியே நின்றோம், ஒரு வார்த்தை பேசவில்லை, பேர் கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. கதவு வந்ததும் குடையை மடக்கினார், லேசாகத் தலையாட்டினார், போய்விட்டார். நம்ம ஊரில் என்றால் அந்த இருபது நிமிடத்தில் என் சம்பளம் வரை கேட்டிருப்பார்கள், ஆனால் குடையும் கிடைத்திருக்கும்.

டிக்கெட் முப்பது பவுண்டுக்கு மேல். வலித்தது. உள்ளே போன பிறகு வலி குறைந்தது. அரசு அலுவலகத்தின் அடித்தளத்தில் குறுகலான நடைபாதை, இருபக்கமும் அறைகள். 1939 ஆகஸ்ட் 27 அன்று செயல்படத் தொடங்கியது, போர் ஆரம்பிக்க ஒரு வாரம் முன்னால். வரைபட அறையில் கப்பல்கள் போன பாதையெல்லாம் குண்டூசி குத்திக் குத்திக் காகிதமே சல்லடையாகியிருக்கிறது. 1945 ஆகஸ்டில் விளக்கை அணைத்துவிட்டுப் போனவர்கள் பல சாமான்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கழிவறைபோலப் பூட்டு வைத்த ஒரு சின்னக் கதவு, உள்ளே அமெரிக்க அதிபரோடு பேசும் ரகசியத் தொலைபேசி. பிரதமருக்குத் தனிக் கழிவறை போலிருக்கிறது என்று ஊழியர்கள் நினைத்துக்கொண்டார்களாம்.

1940 மே கடைசியில், ஹிட்லரோடு சமாதானம் பேசலாமா, சண்டையைத் தொடரலாமா என்று வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸும் சர்ச்சிலும் மூன்று நாள் மல்லுக்கட்டியது இந்த அறையில்தான் என்று நினைத்து மேசையை உற்று உற்றுப் பார்த்தேன். அது இங்கே இல்லை, டவுனிங் தெருவிலும் பார்லிமென்டிலும் நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பிரதமராகி மூன்று வாரம்கூட ஆகாத மனிதர் அந்த விவாதத்தில் தோற்றிருந்தால் இந்த நிலவறைக்கே வேலை இருந்திருக்காது.

துணிக்காரன் கண்ணுக்கு அகப்பட்டது சர்ச்சிலின் சைரன் சூட். முன்னால் ஜிப் வைத்து ஒரே துண்டாகத் தைத்த உடுப்பு, மெக்கானிக் போடுவதுபோல. அவர் அதை வெல்வெட்டிலும் தைத்து வைத்திருந்தார். வெல்வெட்டில் மெக்கானிக் உடுப்பு! 1914இல் எம்டன் கப்பல் வந்து சென்னையில் குண்டு போட்டபோது இங்கிலாந்துக் கடற்படைக்கு அமைச்சராக இருந்தவரும் இதே ஆள்தான், அந்தப் பயத்தில் நமக்கு 'எம்டன்' என்று ஒரு வசவே கிடைத்தது.

அங்கே என்னை நிறுத்தியது மூன்று சர்க்கரைக் கட்டிகள். ஒரு விமானப்படை அதிகாரி தன் ரேஷன் சர்க்கரையை மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்து, ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தின்று, போர் முடிந்ததும் மிச்சத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். 1940 ஜனவரியில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 வரை இருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் "அய்யோ பாவம்" என்பதுபோலச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் 1943 ஞாபகம் வந்தது. வங்காளத்தில் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் பஞ்சத்தில் செத்த வருடம். தானியக் கப்பல் அனுப்பச் சொல்லி டெல்லியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள், போர் அமைச்சரவை கப்பல் இல்லை என்று கேட்டதில் கொஞ்சத்தைத்தான் கொடுத்தது. கப்பல் கணக்குப் பார்த்தவர்களும் ஒரு கட்டிச் சர்க்கரையைச் சுரண்டித் தின்றவரும் ஒரே அரசாங்கத்துக்குத்தான் வேலை செய்தார்கள். இரண்டும் உண்மை. எதை நினைப்பது என்று தெரியாமல் வெளியே வந்து, கடையில் ஒரு ஸ்கோன் வாங்கி மழையைப் பார்த்தபடி தின்றேன். மாவு மாவாக இருந்தது.

ஏப்ரல் 11, வியாழன் – டோவர்

காற்று என்றால் அப்படி ஒரு காற்று. கோட்டை மேட்டில் ஏறும்போதே என் தொப்பி பறந்து பிரான்ஸ் பக்கம் போனது. ஏழு பவுண்டுத் தொப்பி, நேற்றுத்தான் வாங்கினேன்.

வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக்குள் சுரங்கங்கள். நெப்போலியன் வந்துவிடுவான் என்று பயந்து அந்தக் காலத்தில் சிப்பாய்கள் தங்கக் குடைந்தது, ஹிட்லர் காலத்தில் உதவியது. இங்கே உட்கார்ந்துதான் துணை அட்மிரல் பெர்ட்ராம் ராம்சே டன்கிர்க் மீட்பை நடத்தினார், பிரான்ஸ் கடற்கரையில் ஜெர்மானியர் மடக்கிய படைகளைக் கடல் வழியே கொண்டுவந்தது. 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை. 45,000 பேரைக் கொண்டுவந்தாலே பெரிது என்று கணக்குப் போட்டார்கள். வந்து சேர்ந்தது 3,38,226. அதில் லட்சத்துக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள். மீன்பிடிப் படகும் உல்லாசப் படகும் போய்க் காப்பாற்றியதாகத்தான் நாம் கேட்டிருக்கிறோம். போனது உண்மைதான், ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேர் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரிலிருந்து பெரிய கப்பல்களில் ஏறி வந்தவர்கள். அகலமே இல்லாத சுவரில் ராத்திரி பகலாக வரிசை. வரிசையில் நிற்பது இவர்களுக்குப் பிறவிக் குணம் என்று நேற்று நினைத்துச் சிரித்தேன், இன்று சிரிக்க வரவில்லை.

வழிகாட்டிய அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும், "உங்கள் ஆட்களும் இருந்தார்கள், கோவேறு கழுதைகளோடு" என்றார். 1939 டிசம்பரில் நான்கு இந்தியக் கழுதைப் படைக் கம்பெனிகள் மார்செய்யில் வந்து இறங்கின, சாமான் சுமக்க. ஒரு கம்பெனி ஜெர்மானியர் கையில் சிக்கியது. மற்றவர்கள் கழுதைகளை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம்கள். நான் படித்த பேப்பரில் ஒரு வரி இல்லை.

இன்றைய கூத்து இனிமேல்தான். பாறை மேல் நின்று கடலைப் பார்த்தேன், முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் பிரான்ஸ் கோடுபோலத் தெரிந்தது. நேரம் பார்க்க போனை எடுத்தால் பகீர் என்றது, வண்டிக்கு இன்னும் கால் மணிதான். ஓடினேன். டாக்சிக்கு ஒன்பது பவுண்டு. ஸ்டேஷனுக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்து வண்டி போய்விட்டதா என்று கேட்டால், டீக்கடைப் பெண் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினாள். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கிறேன். பாறை மேல் நின்றபோது போன் பிரெஞ்சு டவரைப் பிடித்து, பிரெஞ்சு நேரத்துக்கு மாறிவிட்டது. "பிரான்ஸ் எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள், என்னைப் போல நிறையப் பேர் வருவார்கள் போலிருக்கிறது. பக்கத்தில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் பதினான்கு பவுண்டு. மீன் புதுசு, மாவு மொறுமொறுப்பு, ஆனால் காரம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. வினிகரை ஊற்றி ஊற்றித் தின்றேன்.

ஏப்ரல் 12, வெள்ளி – பிரைட்டன்

கடற்கரையில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த கட்லெட்டைப் பிரித்த நொடி ஒரு கடல் காக்கை, கோழி அளவு இருக்கும், ஒரே பாய்ச்சலில் கொண்டு போனது. பக்கத்து பெஞ்சில் இருந்த கிழவர், "உள்ளே என்ன?" என்றார். மீன், மிளகாய் என்றேன். "அப்படியானால் அதற்குத் தண்டனை கிடைத்துவிட்டது" என்றார்.

ராயல் பெவிலியனைப் பார்த்ததும் மைசூர்ப் பக்கம் வந்துவிட்டோமா என்று இருந்தது. குமிழ் குமிழாகக் கும்பம், ஜாலி வேலை. நான்காம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது தொடங்கி ஜான் நாஷ் கட்டிய உல்லாச மாளிகை. உள்ளே போனால் சீனத்து டிராகன். இந்தியாவையும் சீனாவையும் பார்க்காதவர்கள் இரண்டையும் குழைத்துக் கட்டியது. விக்டோரியா ராணிக்கு இது பிடிக்கவில்லை, 1850இல் நகரத்துக்கே விற்றுவிட்டார்.

நான் வந்தது அதற்கு அல்ல. 1914 டிசம்பரிலிருந்து ஓராண்டுக்குக் கொஞ்சம் அதிகமாக, பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இது ஆஸ்பத்திரி. சரவிளக்குக்குக் கீழே வரிசையாகக் கட்டில். பக்கத்துக் கட்டடங்களையும் சேர்த்து 700க்கு மேல் படுக்கைகள். சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப 9 சமையலறைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். 1857க்குப் பிறகு வந்த எச்சரிக்கை இது. அக்கறை கொஞ்சம், பயம் நிறைய என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த மாளிகைப் படுக்கைகளைப் படமெடுத்துச் சின்னப் புத்தகமாகப் போட்டு இந்தியாவுக்கும் அனுப்பினார்கள், பாருங்கள், உங்கள் பிள்ளைகளை ராஜா வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்று. சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். 1915 ஆகஸ்டில் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து ஜமேதார் மீர் தஸ்துக்கு, வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸ் குத்திவிட்டார்.

மதியம் பஸ் ஏறி பேட்சம் என்ற இடத்தில் இறங்கினேன், இரண்டு பவுண்டு. அங்கிருந்து மேட்டில் நடை. ஆடு மேய்கிற புல்வெளி, நேற்று முன்தினம் பெய்த மழையில் சேறு. வழுக்கி முழங்கால் வரை மண். நாயோடு வந்த ஒரு பெண் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "அருமையான நாள், இல்லையா?" என்றார். காற்று காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்றேன்.

மேட்டுச் சரிவில் தனியாக வெள்ளையாக நிற்கிறது சத்ரி, அந்தச் சிப்பாய்களின் நினைவு மண்டபம். எட்டுத் தூண், மேலே கும்பம், சிசிலியிலிருந்து வந்த பளிங்கு. ஆஸ்பத்திரியில் இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும், மொத்தம் 53 பேரை, இங்கேதான் எரித்தார்கள். முஸ்லிம்களை வோக்கிங்கில் அடக்கம் செய்தார்கள். சிதை மேடைகள் இருந்த இடத்தைக் கருங்கல் பலகைகளால் மூடியிருக்கிறது. கல்வெட்டில் ஒரு வாசகம், அவர்கள் "தீயின் வழியே கடந்து போனார்கள்" என்று. ஆங்கிலத்தில் எழுதியிருந்தும் நம்ம ஊர் வாக்கியம்போல இருந்தது. சுவரில் 53 பெயர்களையும் படித்தேன். இவர்களில் சிலரை எரித்த மாதங்களும் இதே குளிர்தான். மைல் கணக்கில் தள்ளி மாளிகை, சுற்றி யாரோ ஒருவருடைய ஆடுகள், பாஷை தெரியாத ஊர்.

1921 பிப்ரவரி 1 அன்று இதைத் திறந்து வைத்தவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர். அவரைத்தான் நாளைக்குப் பார்க்கப் போகிறேன், ஒரு வகையில்.

ஏப்ரல் 13, சனி – வின்ட்சர்

இன்றைக்கு வெயில்! உள்ளே ஒரு சட்டை, மேலே ஒரு சட்டை, அதற்கு மேல் அக்கா கொடுத்த ஸ்வெட்டர். கோட்டை வாசலுக்குப் போவதற்குள் வியர்த்துவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேலேயே இறங்குகிறது.

இந்த ஊர்ப் பெயர்தான் அரச குடும்பத்தின் பெயர். ஊருக்குக் குடும்பத்தின் பெயர் வந்ததாக நினைத்திருந்தேன், தலைகீழ். 1917 ஜூலை 17 வரை அவர்கள் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா. லண்டனில் குண்டு போட்டுக்கொண்டிருந்த ஜெர்மன் விமானத்தின் பெயரும் கோத்தா. ஜெர்மனியோடு போர் நடக்கும்போது ராஜாவுக்கே ஜெர்மன் பெயர் என்றால் எப்படி, ஐந்தாம் ஜார்ஜ் ஓர் அறிவிப்பில் மாற்றிவிட்டார். உறவுக்காரர்களும் மாற்றினார்கள். பேட்டன்பர்க் மவுண்ட்பேட்டன் ஆனது அப்போதுதான், நமக்குக் கடைசி வைஸ்ராயாக வந்தவரின் பெயர்.

ஐந்தாம் ஜார்ஜின் மூத்த மகன்தான் நேற்றுப் பார்த்த சத்ரியைத் திறந்தவர், பிறகு எட்டாம் எட்வர்ட். இரண்டு முறை விவாகரத்தான அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று நின்று, 1936 டிசம்பர் 10 அன்று இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் பெல்வெடியரில் கையெழுத்துப் போட்டு முடியைத் துறந்தார். மூன்று தம்பிகளும் சாட்சிக் கையெழுத்து. எங்கள் பக்கம் பூர்வீகச் சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் மாதிரியே இருக்கிறது, முத்திரைத்தாள்தான் பாக்கி. அடுத்த நாள் இரவு இந்தக் கோட்டையிலிருந்து வானொலியில் பேசிவிட்டு, போர்ட்ஸ்மவுத் போய்க் கப்பலேறினார். 326 நாள் ராஜா. திக்குவாய்த் தம்பி ஆறாம் ஜார்ஜ் ஆனார், அவர் மகள் எலிசபெத்துக்கு முடிக்கு வழி திறந்தது. அப்பா, அம்மா, மகள், மருமகன் நால்வரும் இங்கே செயின்ட் ஜார்ஜ் சேப்பலில் ஒரு சின்னப் பக்க அறையில், ஒரே கறுப்புக் கல்லில் நான்கு பெயர். அதன் முன்னால் நின்றவர்கள் யாரும் பேசவில்லை. எட்வர்ட் மட்டும் தனியாகத் தள்ளி ஃபிராக்மோர் கல்லறைத் தோட்டத்தில்.

நான் தேடி வந்தது இன்னொரு கல். பாடகர் இருக்கைகளுக்கு நடுவே, தரையில். எட்டாம் ஹென்றி, அவர் மனைவி ஜேன் சீமோர், ராணி ஆனின் ஒரு குழந்தை, அப்புறம் முதலாம் சார்லஸ். செவ்வாய்க்கிழமை குளிரில் விட்டு வந்த அதே ஆள். தலையைத் திரும்பத் தைத்து, இங்கே கொண்டு வந்து 1649 பிப்ரவரியில் புதைத்தார்கள். பிரார்த்தனைப் புத்தகம் படிக்கக் கூடாது என்று கோட்டைக் காவலர் சொல்லிவிட்டதால் ஒரு வார்த்தை படிக்காமல் குழிக்குள் இறக்கினார்கள். சவப்பெட்டியைத் தூக்கி வரும்போது பனி கொட்டி, மேலே போர்த்தியிருந்த கறுப்பு வெல்வெட் வெள்ளையாகிவிட்டது என்று கூட இருந்த பணியாளர் பிறகு சொல்லியிருக்கிறார். இடமே மறந்துபோய், 1813இல் வேறு வேலையாகத் தோண்டியபோது அகப்பட்டது. திறந்து பார்க்க வந்து நின்றவர் பிரைட்டன் மாளிகைக்காரர், அப்போது இளவரசர். உடன் வந்த அரச மருத்துவர் கழுத்தெலும்பில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அது 1888இல்தான் திரும்பி வந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் நின்ற ஊழியரிடம், இவர் இரண்டு சட்டை போட்டுக்கொண்ட கதை தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலா. "ஜனவரியில் நானும் அதைத்தான் செய்வேன், இங்கே ஹீட்டர் சரியில்லை" என்று காதோடு சொன்னார்.

ஸ்டேஷன் கழிவறையில் உள்சட்டையைக் கழற்றிப் பையில் திணித்தேன். ஈஸ்ட் ஹாமில் இறங்கும்போது மணி ஒன்பது, வெயில் எப்போதோ போயிருந்தது, வீட்டுக்கு நடக்கும் பத்து நிமிடத்தில் மறுபடியும் நடுக்கம். கதவைத் திறந்த அக்கா பையில் தொங்கிய சட்டைக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாங்கோ தம்பி, புட்டு ஆறப்போகுது" என்றார்.